காலிக் கட்டத்துல வந்து உட்கார்ந்த 35

படிச்சது சிவில், பொழப்பு ஜாவா. நம்ம வலைப்பதிவர்கள்ல பாதிப்பேர் இதே கேஸுதான்னு நெனைக்கிறேன் :-) மண்ணியலைத் தலைமுழுகியாச்சுன்னு நிம்மதியா இருந்தேன். போன வருஷம் அது திரும்பி வந்து கதவைத் தட்டுச்சு. நியூசிலாந்து கிளையண்ட். துளை போட்டு எடுத்த மண் விவரத்தைக் குடுத்தா, நிலநடுக்கத்துல அது தாங்குமா, கூழாகுமான்னு கணக்குப் போட்டுச் சொல்ற மென்பொருள். "நீதானப்பா சிவிலு"ன்னு மேனேஜர் என் தலையில கட்டிட்டார்.

கூழ்ங்கிறது சும்மா உவமை இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழ தளர்வா கிடக்கிற மணல், பூமி ஆடினா நெருங்கி உட்காரப் பாக்கும். இடையில இருக்கிற தண்ணிக்கு அந்தச் சில நொடியில வெளியேற வழி கிடையாது. அழுத்தம் ஏறி, துகள்கள் சுமந்த பாரத்தைத் தண்ணி சுமக்க ஆரம்பிக்கும். அவ்ளோதான், தரை திரவம். கிறைஸ்ட்சர்ச்ல 2011 பிப்ரவரி 22 அன்னிக்கு இதான் நடந்துச்சு. செத்துப்போன 185 பேர்ல பெரும்பாலானவங்க கட்டடம் இடிஞ்சு போனவங்க. ஆனா ஊரோட கிழக்குப் பக்கத்தைக் காலி பண்ண வெச்சது, வீட்டுக்குள்ளயும் தெருவுலயும் சாம்பல் நிறத்துல பொங்கின வண்டல் மணல்தான். 7,000க்கும் மேற்பட்ட வீடுகள் 'சிவப்பு மண்டலம்' ஆச்சு.

கணக்கு பழசு. 1971ல சீட், இட்ரிஸ்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சு வெச்சது. 63.5 கிலோ சுத்தியை 76 செ.மீ. உயரத்துல இருந்து போட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடின்னு எண்ணணும். அடி கம்மின்னா மண் தளர்வு. இதுல வண்டல்தான் வில்லங்கம். 0.075 மி.மீ. சல்லடையில இறங்குற பொடி கலந்திருந்தா, அதே அடி எண்ணிக்கைக்கு மண்ணோட எதிர்ப்பு கூடுதல்னு பழைய நிலநடுக்கத் தரவுகள் சொல்லுது. அதனால எண்ணிக்கையை ஏத்திக்கலாம். சுத்த மணல்ல 10 அடி, 10தான். 35 சதவீதம் பொடி இருந்தா அதே 10, 17 ஆயிடும்.

நான் எழுதின கோட்ல, பொடி சதவீதம் காலியா இருந்தா மேல் அடுக்கோட எண்ணையே எடுத்துக்கும். சோம்பேறித்தனம், வேறென்ன. டெஸ்டிங்ல எல்லாம் பச்சை.

ஒரு நாள் அந்தப் பக்கத்துப் பொறியாளர் அம்மா கூப்பிட்டாங்க. "ஆறு மீட்டர் ஆழத்து அடுக்குக்கு ஆய்வக அறிக்கையே இன்னும் வரலையே, 35 எங்கேர்ந்து வந்துச்சு?"

கை சில்லுனு ஆயிடுச்சு. அந்த இடத்துல நிலநடுக்கம் குடுக்கிற உலுக்கல் கணக்குப்படி 0.15. 35 சதவீதத்துக்கு மண்ணோட எதிர்ப்பு 0.18, அதாவது பாதுகாப்பு 1.2, தாராளமா கட்டலாம். பொடியே இல்லைன்னா எதிர்ப்பு 0.11, பாதுகாப்பு 0.75, கூழ். என் காலிக் கட்டம்தான் ரெண்டுக்கும் நடுவுல நின்னுச்சு. கட்டப்போறது ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம்.

அவங்க திட்டவே இல்லை. "என் பழைய வீடு இருந்த இடம் இப்போ வெறும் புல்வெளி. அதனால இந்தக் கட்டத்தை மட்டும் ரெண்டு தடவை பாப்பேன்"னாங்க. திட்டியிருந்தாலே தேவலை.

எண் இல்லைன்னா முடிவும் இல்லைன்னு கோடை மாத்தினேன். சிவப்புல 'தரவு இல்லை'ன்னு மட்டும் வரும். "ரிப்போர்ட்ல ஓட்டை இருந்தா யூசர் கடுப்பாவான்பா"ன்னு மேனேஜர் ரெண்டு நாள் மல்லுக்கட்டினார். 1.2க்கும் 0.75க்கும் நடுவுல எதைப் போடட்டும்னு கேட்டேன். அப்புறம் விட்டுட்டார்.

மூணு வாரம் கழிச்சு ஆய்வக அறிக்கை வந்துச்சு. பொடி 12 சதவீதம். போட்டுப் பார்த்தேன், 0.87. மண்ணை இறுக்கிட்டுத்தான் அஸ்திவாரம்னு முடிவாகி, சரளைத் தூண் இறக்குறதுக்கு வரைபடம் போயிருக்காம்.