கைகாட்டி மரமும் காந்த நாடாவும்

பிழை செய்யாத மனிதர் இல்லை. ஆனால் நம் பிழைக்கு மற்றொருவர் பழி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பது பிழையினும் பெரிது. கணிப்பொறித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பழைய மாணவனாகிய நான், அத்தகைய ஒரு வாரத்தைப் பற்றி இம்மலரில் எழுத விரும்புகிறேன்.

அந்நாளில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. என் தாயாருக்குப் பெரம்பலூர்ப் பக்கம். அங்கே வெங்காயப் பட்டறை உண்டு, இரயில் கிடையாது. என் தந்தையார் அரியலூர் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேன். விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் அப்போது ஒற்றைப் பாதை. டோக்கன் செருகிய வளையம் எந்த வண்டியின் டிரைவர் கையில் இருக்கிறதோ, அந்த வண்டிக்கே பாதை. 1956 நவம்பரில் மருதையாற்றில் நடந்த இரயில் விபத்தை அறிந்த ஊராதலால், இரயில் விதிகளை எங்கள் வீட்டில் யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை.

நம் கல்லூரியில் கணிதம் பயின்று, சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். 1987இல் அங்கே ‘யூனிக்ஸ்’ இயங்கிய கணிப்பொறிக்கு, காந்த நாடாக் கருவியை இயக்கும் நிரல் எழுதும் பணி எனக்குக் கிட்டியது. அந்த நிரலுக்கும் ‘டிரைவர்’ என்றே பெயர்!

பல பணிகளை ஒரே நேரத்தில் நடத்தும் கணிப்பொறியில் இதிலென்ன சிக்கல் என்பீர்கள். வட்டு ஒன்றைப் பலரும் மாறி மாறிப் பயன்படுத்தலாம். நாடாவோ ஒற்றைப் பாதை. 600 அடி நாடா, விநாடிக்கு 90 அங்குல வேகத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல 80 விநாடி ஆகும். அதுவரை கணிப்பொறி முழுதும் காத்து நிற்கலாகாது. நாடாவைக் கேட்ட பணியை உறங்கவைத்து, மற்றப் பணிகளை நடத்த வேண்டும். நாடா ஓய்ந்ததும் எழுப்ப வேண்டும்.

அவ்வாறே எழுதினேன். ‘நாடா யாரிடமேனும் இருந்தால் உறங்கு; எழுப்பியதும் எடுத்துக்கொள்’ என்பதே என் கட்டளை. பல மாதம் குறையின்றி ஓடியது.

ஒரு நாள் வட்டு பழுதாயிற்று. ஓர் ஆலைத் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கை நாடாவிலிருந்து மீட்க முனைந்தோம். கணக்குக்கு நடுவே கிடங்குச் சரக்குப் பட்டியல் துண்டு துண்டாகக் கலந்து கிடந்தது! தீபாவளி நெருங்கிய நேரம். எழுத்தர்கள் பழைய பேரேடுகளைப் பார்த்து இரவு பகலாக மறுபடி பதிந்தனர். இரவுப் பணியாளர் நாடாவைத் தவறாகக் கையாண்டார் என்று பழி எழுந்தது. அவர் மறுத்தார், எவரும் நம்பவில்லை. எனக்கும் ஐயம் இருந்தது; ஆயினும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை ஊருக்கு வந்து தந்தையாரிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், “ரெண்டு வண்டி காத்துக்கிட்டு நிக்குது, கைகாட்டி இறங்குது. உடனே ரெண்டும் கிளம்பிடுமா தம்பி? வளையம் தன் கைக்கு வந்துச்சான்னு பாத்துத்தானே டிரைவர் வண்டிய எடுப்பாரு. நீ எழுதின டிரைவர் பாக்கலையா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ‘யூனிக்ஸ்’ எழுப்பும்போது, அந்த நாடாவுக்காக உறங்கும் பணிகள் எல்லாவற்றையும் எழுப்பிவிடும். அன்றிரவு காத்திருந்த இரண்டும் விழித்தன. இரண்டும் நாடா தனக்கே என்று எண்ணி மாறி மாறி எழுதின. விழித்ததும் மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்ல நான் மறந்திருந்தேன். ‘இருந்தால்’ என்ற இடத்தில் ‘இருக்கும்வரை’ என்று எழுதியிருந்தால் போதும். ஒரே சொல்!

திங்களன்று மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். கண்டிப்பும் கிடைத்தது, ஊதிய உயர்வும் நின்றது. இரவுப் பணியாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். “இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே, சார்” என்றார் அவர். கண்டிப்பை மறந்துவிட்டேன், அந்தச் சொல்லை மறக்கவில்லை.

நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா, 1960களில் இத்தகைய சிக்கலுக்குத் தீர்வு கண்டு, அதற்கு ‘செமஃபோர்’ என்று பெயரிட்டார். தமிழில் சொன்னால், நம் கைகாட்டி மரம்தான். உலகம் போற்றும் பாடத்தின் பாதி, எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. மாணவ நண்பர்களே, நும் வீட்டுத் திண்ணையிலும் தேடிப் பாருங்கள்.