நிலவில் தெரிந்த நிறங்கள்

தை மாதத்து உறைபனி இரவு. உதகையின் புனித ஸ்தேவான் ஆலயத்தின் எதிரே, முழுநிலவில், முக்காலியில் காமிராவைப் பொருத்தி நின்றோம். 1830-இல் அர்ச்சிக்கப்பெற்ற அவ்வாலயத்தின் உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து வந்தவை.

எம் கண்களுக்கு யாவும் சாம்பல் நிறமே. நிலவொளியில் மனிதக் கண் நிறங்களைப் பிரித்தறிவதில்லை. பார்வை மங்கிவரும் எம் தமையனார், "எனக்கு இனிமேல் பகலும் இப்படித்தான்" என்றார்.

விறைத்த விரல்களால் ஷட்டரை 30 விநாடிகள் திறந்து வைத்தோம். படத்தில் சுவர் மஞ்சளாய், புல் பசுமையாய், வானம் நீலமாய் விரிந்தன. தமையனார் அதைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் நோக்கினார்.

"நிறங்கள் எங்கும் போய்விடவில்லை" என்றார் மெல்ல. குளிரை மறந்து அடுத்த படத்திற்கு ஆயத்தமானோம்.