பூவரசம் பீப்பி

குழந்தைகளுக்குக் கதை சொல்லத் திட்டம் ஒன்று வேண்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பாட்டி திட்டம் போட்டா கதை சொன்னாள் என்பது அவர்கள் கட்சி. போட்டாள் என்றுதான் நான் சொல்வேன். சாதம் இறங்குவதற்குக் காக்காய்க் கதை, தூக்கம் வருவதற்கு ராஜா கதை, அடம் பிடித்தால் பூச்சாண்டி. எந்தக் குழந்தைக்கு எந்த வேளையில் எது வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். காகிதத்தில் எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் இப்போது அந்தப் பாட்டிகளைக் காண்பது அபூர்வம். ராமானுஜர் அவதரித்த ஊரைச் சுற்றி இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் பிறக்கின்றன. வேலைக்கு வந்தவர்கள் திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்தார்கள். பாட்டியோ ஊரிலேயே தங்கிவிட்டாள். அவள் வேலையை யாராவது செய்ய வேண்டுமே!

அங்கே ஒரு சிறிய கிளை நூலகம். நூலகர் அம்மாள் உற்சாகமானவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் படித்துக் காட்டி, கைவேலையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கதை எழுதுகிறவன் என்று என்னையும் யோசனைக்கு அழைத்திருந்தார். மிருகங்கள், பழங்கள், வண்டிகள் என்று வாரத்துக்கு ஒரு பொருளாக அழகான ஜாபிதா தயாராக இருந்தது.

ஆனால் வந்த குழந்தைகளைப் பார்த்ததும் அவரே பேனாவை எடுத்துவிட்டார். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி எது கேட்டாலும் ரகசியம் போலவே பதில் சொன்னாள்.

"ஏம்மா, கொஞ்சம் பலமாகப் பேசேன்" என்றார் நூலகர்.

"அப்பா தூங்குவாரு, மிஸ்" என்றாள் குழந்தை.

அப்பாவுக்கு நைட் ஷிப்ட். வீடு ஒரே அறை. பகலெல்லாம் அவர் தூங்க வேண்டும். அதுவரை குழந்தை ஓடக் கூடாது, சிரிக்கக் கூடாது, தட்டைக் கீழே போடக் கூடாது. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு வருகிற மனிதரைக் குறை சொல்ல முடியுமா? குழந்தையைத்தான் குறை சொல்ல முடியுமா?

ஜாபிதாவின் முதல் வரியை அடித்துவிட்டு, 'சத்தம்' என்று எழுதினார் அந்த அம்மாள்.

படம் பெரிதாக, பக்கத்துக்கு ஒரு வரியே உள்ள புத்தகமாகத் தேடி எடுத்தார். புத்தகத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு படித்தார். சேவல் வந்தது. நம் குழந்தைகள் "கொக்கரக்கோ" என்றன. பீஹார்ப் பையன் எழுந்து நின்று, "குக்டூ கூ" என்றான். ஒரே சிரிப்பு. நாய்க்கும் அதே தகராறு: இங்கே "லொள் லொள்", அங்கே "பௌ பௌ". பூனை வந்த பிறகுதான் சமாதானம் ஏற்பட்டது. "மியாவ்" என்பதில் இரு கட்சிக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

கைவேலைக்குப் பளபளப்புக் காகிதமும் வேண்டாம், பசையும் வேண்டாம். வாசலில் பூவரச மரம் இருந்தது. இலையின் காம்பைக் கிள்ளிவிட்டு, இறுகச் சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் மெல்ல நசுக்கி ஊதினால் பீப்பி. சின்னச் சுருளுக்குக் கீச்சுக் குரல், பெரிய சுருளுக்குக் கட்டைக் குரல். கால் மணி நேரத்தில் மரத்தடி கல்யாண வீடாகிவிட்டது.

பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர் வெளியே வந்தார். "இது நூலகமா, திருவிழாவா? நானும் நூலக வரி கட்டுகிறேன், அம்மா!" என்றார். நியாயந்தான். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது முதல், வீட்டு வரியோடு அந்த வரியும் சேர்ந்தே வருகிறது. வாடகை கொடுக்கிற நைட் ஷிப்ட் தகப்பனார் பணமும் அதில் இல்லாமலா போகும்? பெரியவரை மின்விசிறிக்கடியில் உட்கார்த்தி, ஜன்னலைச் சாத்தினோம். மரத்தடி குழந்தைகளுடையதாயிற்று.

சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத ஐந்து வயதுக்காரியும் வாசகர்தான் என்று வைத்துக்கொண்டால், அவளுக்குரியது எது என்று கண்டுபிடிப்பதற்கு முதலில் அவளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜாபிதா அதற்கப்புறம்.

புறப்படும் சமயம் அந்தப் பெண் தன் பீப்பியை அலமாரியில், படப் புத்தகங்களுக்கு நடுவே வைத்தாள். "இங்கேயே இருக்கட்டும், மிஸ். வீட்ல ஊத முடியாது" என்றாள். இலை நாளைக்கே வாடிவிடும் என்று நூலகர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்குப் பொருள், 'ராத்திரியில் யார் யார் விழித்திருக்கிறார்கள்?' ஆந்தை, நிலா, நட்சத்திரம், அப்பா. அந்த அம்மாள் கறுப்புக் காகிதம் வாங்க இப்போதே புறப்பட்டுவிட்டார்.