25 டாலர் சிப்பும் நம்ம வீட்டு டிவி கேமும்

திருநெல்வேலி டவுண்ல 90கள்ல வளர்ந்த மக்களே, கேசட் மாட்டி மரியோ, காண்ட்ரா ஆடுனீங்களே, அந்த டிவி கேம் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியுமா? இன்னைக்கு த்ரெட் அதைப் பத்தித்தான். கடைசியில மருந்துக்கும் வருவேன்.

1. 1974-ல இன்டெல் 8080 சிப் வந்தப்ப சில்லறை விலை 360 டாலர். அது கம்ப்யூட்டரோட மூளை மட்டும்தான். மெமரி, கீபோர்டு எல்லாம் தனிச் செலவு. வீட்டுக்கு எப்படி வாங்க?

2. மோட்டோரோலாவில இருந்த சக் பெடில் விலை குறைஞ்ச சிப் வேணும்னு கேட்டார். எடுபடல. சகாக்களோட எம்ஓஎஸ் டெக்னாலஜிக்குப் போயிட்டார். 1975 செப்டம்பர்ல சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு 6502 வந்தது. விலை 25 டாலர்! கண்காட்சிக்குள்ள விற்க அனுமதி இல்ல. அதனால ஹோட்டல் ரூம்ல, பெட்டிக்கடை மிட்டாய் மாதிரி கண்ணாடி ஜாடியில போட்டு வித்தாங்க.

3. எப்படிக் கட்டுப்படியாச்சு? அவசியமில்லாததை வெட்டி சிப்பைச் சின்னதாக்கினாங்க. அச்செடுக்கிற மாஸ்க்ல இருந்த பிழையைத் திருத்தத் தெரிஞ்சதால வீணாப்போற சிப்பும் குறைஞ்சது.

4. பிறகு வரிசையா வந்துச்சு. 1976-ல ஆப்பிள்-1, 1977-ல ஆப்பிள்-2, கமடோர் பெட், 1981-ல பிபிசி மைக்ரோ. எல்லாத்துலயும் 6502தான். 1984-ல நம்ம மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்துல பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்ததும் பிபிசி மைக்ரோதான். 1983-ல வந்த நிண்டெண்டோ ஃபேமிகாமுக்கும் இதே மூளை. அதோட நகல்தான் நீங்க ஆடுன டிவி கேம்.

5. "விலை கம்மின்னா தரமும் கம்மிதானே?" இல்லீங்க. இதோட வாரிசான 65சி02, நெஞ்சுக்குள்ள பொருத்துற இதயக் கருவிகள் வரைக்கும் போயிருக்கு.

6. இதே கேள்வியத்தான் எங்கிட்ட தினமும் கேக்காங்க: "விலை கம்மியான மாத்திரை கேக்குமா டாக்டர்?" ஒரே மருந்து, ஒரே அளவு, தரச் சோதனையில தேறினதுன்னா கேக்கும். ஆனா, காசில்லாம பாதியில நிறுத்துற பிபி மாத்திரை எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் கேக்காது.

7. 6502 வர்றதுக்கு முன்னாடியும் நல்ல சிப் இருந்துச்சு. வீட்டுக்குள்ள வரல, அவ்வளவுதான். மருந்தும் அப்படித்தான். விலை கட்டலைன்னா, தானா நிறுத்தாம, வெக்கப்படாம உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. பெரும்பாலும் வேற வழி இருக்கும்.