சோளகத்தில் ஆடிய பந்து

சோளகம் அடிக்கும் மாதங்களில்தான் பாடசாலைகளின் கரப்பந்தாட்டப் போட்டிகளும் வரும். இரண்டாம் தவணை அது. புத்தளம் மாவட்டத்தில் சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனை வரை நீண்டு கிடக்கும் கரையில் மே மாதம் ஏறும் காற்று செப்டெம்பர் வரை இறங்காது. தென்னோலைகள் எல்லாம் கிழக்கே திரும்பி நிற்கும். தொழிலுக்குப் போக முடியாத வள்ளங்கள் மணலில் ஏற்றி விடப்பட்டிருக்கும். அந்தக் காற்றுக்குள், கூரை இல்லாத மைதானத்தில், 280 கிராமுக்கு மேல் போகக்கூடாத ஒரு பந்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஆடினோம். இன்றைக்கும் எனக்குக் கரப்பந்தாட்டம் என்றால் அந்தக் காற்றும் சேர்ந்ததுதான்.

நான் உடப்புப் பிள்ளை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு, நடுவில் மணல். அந்த மணலில் மைதானம் போடுவதே ஒரு கலை. எங்கள் விளையாட்டு டீச்சர் முதலில் காற்றைப் பார்ப்பார். காற்று குறுக்கே அடித்தால் செட்டர் தூக்குகிற பந்து ஓரிடத்திலும் நிற்காது, ஆட்டமே நடக்காது. அதனால் மைதானம் காற்றின் நீளப்போக்கில், கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். ஆனால் அப்படிப் போட்டால் மாலையில் கிழக்குப் பக்கம் நிற்கிறவர்களின் கண்ணில் வெயில் நேராகக் குத்தும். எனவே ஆட்டங்களைக் காலையிலேயே தொடங்கிவிடுவார். பத்து மணிக்குப் பிறகு காற்றும் வலுத்துவிடும். எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டால் அரை மணித்தியாலத்தில் பறந்துவிடும் என்பதால் வலைக்கயிற்றை இழுத்து முளை அடித்து 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் அளந்து கட்டுவோம். நெருஞ்சி முள் பொறுக்குவது சின்ன வகுப்புப் பிள்ளைகளின் வேலை.

நாணயச் சுழற்சியில் வென்றால் சேர்விஸ் கேட்பதா, பக்கம் கேட்பதா என்பது மற்ற ஊர்களில் ஒரு சின்ன விஷயம். எங்களுக்கு அதுதான் பாதி ஆட்டம். காற்று முதுகில் அடிக்கும் பக்கம் சுகம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். உண்மை வேறு. முதுகுக் காற்றில் ஓங்கி அடித்த பந்து கோட்டைத் தாண்டித் தென்னந்தோப்பில்தான் போய் விழும். முகத்தில் காற்று வாங்கும் பக்கத்தில்தான் துணிந்து அடிக்கலாம். காற்றே பந்தைப் பிடித்துக் கீழே அமுக்கி உள்ளே போடும். கண்ணுக்குள் மணல் வந்தாலும் டீச்சர் எப்போதும் எதிர்க்காற்றுப் பக்கத்தையே கேட்கச் சொன்னார். அடிக்கப் பயப்படாத பிள்ளைகளாக நாங்கள் வளர்ந்ததற்கு அந்தத் தெரிவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்போது பழைய கணக்கு. சேர்விஸ் போட்ட அணி வென்றால் மட்டும் புள்ளி, 15 எடுத்தால் ஒரு செட். காற்று நாளில் சேர்விஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறிக்கொண்டே இருக்கும், புள்ளி மட்டும் ஏறாது. ஆறுக்கு ஐந்து என்று பலகையில் எழுதியது கால் மணித்தியாலமாக அழியாமல் இருக்கும். 90களின் கடைசியில் விதி மாறிவிட்டது. இப்போது ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, 25 வரை. ஆட்டம் விறுவிறுப்பாகிவிட்டது என்கிறார்கள், இருக்கலாம். ஒரு புள்ளிக்காக அத்தனை தரம் விழுந்து எழும்பின பழைய ஆட்டத்தில் இருந்த பொறுமையை நான் இன்னும் தேடுகிறேன்.

வலை அப்பாவின் பொறுப்பு. பாடசாலைக்கு ஒரே வலைதான், வருஷாவருஷம் கிழியும். அப்பா வலை ஊசியும் நைலோன் நூலும் எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பொத்தித் தருவார். பத்து சென்ரிமீற்றர் கண் கொண்ட வலை அது. கரைவலையின் மடியில் நெத்தலிக்கும் தப்ப வழியில்லாத கண்களைப் பின்னிப் பழகிய மனிதர். "இவ்வளவு பெரிய கண்ணுல என்ன பிள்ள படும்?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். போட்டி உடப்பில் நடந்தால் சம்மாட்டி ஐயாவோடு வந்து மைதானத்தின் ஓரம் நின்று பார்ப்பார். பந்தைப் பார்க்க மாட்டார், தான் பொத்திய இடம் தாங்குகிறதா என்று பார்ப்பார்.

அந்த வலையை எந்த உயரத்தில் கட்டுவது என்பதிலும் ஒரு கதை உண்டு. ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24. எங்கள் பாடசாலைக் கம்பங்களில் ஆண்பிள்ளைகளின் உயரத்தில்தான் கொக்கி இருந்தது. டீச்சர் தச்சு ஆசாரியைக் கூட்டி வந்து 2.24இல் இன்னொரு கொக்கி அடிப்பித்து அதற்குச் சிவப்பு மை பூசி வைத்தார். பயிற்சி முடிந்து போகும்போது ஆண்பிள்ளைகள் வலையை மேலே ஏற்றுவார்கள். அடுத்த நாள் நாங்கள் வந்து இறக்குவோம்.

போட்டி என்றால் கோட்டம், பிறகு வலயம், பிறகு மாகாணம், கடைசியில் அகில இலங்கை. அந்த ஏணியில் மிக உயரப் போனவர்கள் அல்ல நாங்கள். வடமேல் மாகாணப் போட்டிக்குக் குருநாகலுக்குப் போன வருஷத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அங்கே காற்றே இல்லை. காற்றுக்குக் கணக்கு வைத்து அடித்துப் பழகிய கை, ஒவ்வொரு பந்தையும் கோட்டுக்கு வெளியே போட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தமில்லை. என் ஏக்கமெல்லாம் வலயப் போட்டியில்தான் இருக்கிறது.

ஏனென்றால் அந்தக் கரையின் பெண்பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவது வருஷத்தில் அன்றைக்கு மட்டும்தான். உடப்பிலிருந்தும் ஆண்டிமுனையிலிருந்தும் நாங்கள். புத்தளத்திலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் முஸ்லிம் பாடசாலைப் பிள்ளைகள், முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் தலையில் முக்காடுமாக. அவர்களுக்குள் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் புலிகளால் வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். சில மணித்தியால அவகாசத்தில் ஊரை விட்டு வந்து, தில்லையடியிலும் பாலாவியிலும் ஆலங்குடாவிலும் கிடுகுக் குடிசைகளில் இருந்தவர்கள். அவர்களின் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்கவே நான் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவேன். சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும் வருவார்கள், கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். சிலாபம், நீர்கொழும்புக் கரையில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல கடந்த நூற்றாண்டில் சிங்களத்துக்கு மாறியவை. அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த பிள்ளை, தன் ஆச்சி இன்னும் செபமாலை சொல்வது தமிழில்தான் என்று அரைத்தமிழில் என்னிடம் சொன்னாள். அதை எனக்குக் கொடுத்த ஒரு பரிசாகவே சொன்னாள்.

நாள் குறிப்பதே பெரிய பாடு. ஆடியில் எங்களுக்குத் திரௌபதி அம்மன் திருவிழாவும் தீமிதிப்பும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் தலவில அன்னம்மாள் திருநாள். முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பெருநாள் இடையில் வரும். எல்லாவற்றையும் விலக்கி ஒரு நாளைக் கண்டுபிடிப்பார்கள் டீச்சர்மார். லுஹர் தொழுகைக்கு ஆட்டம் நிற்கும். அந்த இடைவெளியில் சோற்றுப் பார்சல்கள் விரியும். கடற்கரையில் எல்லா மதத்தவர் பார்சலிலும் இருப்பது மீன் என்பதால் யாரும் யாரிடமும் தயங்காமல் கை நீட்டலாம். சூடைப் பொரியல், கணவாய்க் கறி, தேங்காய்ச் சம்பல். ஒரு வருஷம் நாங்கள் அம்மன் விரதத்தில் மச்சம் விலக்கியிருந்தோம். அதைக் கேள்விப்பட்ட புத்தளத்துப் பிள்ளையொருத்தி தன் உம்மாவிடம் சொல்லி, மீன் சட்டி படாத புதுப் பாத்திரத்தில் கத்தரிக்காய்ப் பால்கறி கொண்டுவந்தாள். அன்று காலையில் எங்களைத் தோற்கடித்த அணியின் பிள்ளை அவள்.

யுத்த காலம் அது. லொறியில் போவோம், சோதனைச்சாவடியில் இறங்கி வரிசையில் நிற்போம். பந்துப் பையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒருமுறை ஒரு சிப்பாய் பந்தைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தவர், காற்றுப் போதாது என்று சொல்லித் தன் காவலரணிலிருந்து பம்பு கொண்டுவந்து அடித்துத் தந்தார். சிங்களக் கிராமங்களில் கரப்பந்தாட்டம் ஆடாத இளைஞர் குறைவு. 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யில் வோல்டர் கமாக் என்பவர் அறிமுகப்படுத்திய ஆட்டம் ஊர் ஊராகப் பரவி, 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டானது. பயத்தோடு நின்றுகொண்டிருந்த எங்களுக்கு அந்த மனிதர் வேறு எதுவும் சொல்லவில்லை. மாலையில் திரும்பி வரும்போது வென்றீர்களா என்று மட்டும் கேட்டார்.

உயர்தரப் பரீட்சையோடு எல்லாம் முடிந்தது. ஆண்பிள்ளைகளுக்கு முடியவில்லை. அவர்களுக்கு ஊரில் கழகம் இருந்தது, பின்னேரம் இருந்தது, 2.43இல் கொக்கி அடித்த கம்பம் இருந்தது. எங்கள் செட்டர் அந்த வருஷமே கலியாணமாகிப் போனாள். ஒருத்தி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஆச்சியின் செபமாலையைப் பற்றிச் சொன்னவள் இத்தாலிக்குப் போய்விட்டதாகக் கேள்வி. வென்னப்புவ, மாரவிலப் பக்கத்தில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே ஆள் உண்டு. பாடசாலைக்குப் பிறகும் ஆடிய பெண்கள் நாட்டில் இருந்தார்கள்தான். ஆனால் அந்தப் பெண்கள் அணிகள் பெரும்பாலும் முப்படைகளுடையவை, பொலிஸுடையவை. அந்த நாளில் எங்கள் கரைத் தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அந்த வாசல் ஒரு வாசலாகவே இருக்கவில்லை. பத்தொன்பது வயதில், உடம்பு நன்றாகப் பழகிய நேரத்தில், ஆட்டம் கையை விட்டுப் போயிற்று. என்னிடம் மிஞ்சியிருப்பது மூன்று அணிகளின் பிள்ளைகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தந்த ஒரு ஓட்டோகிராப் புத்தகம்.

ஜப்பானில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வென்று தங்கம் எடுத்த ஜப்பானியப் பெண்களில் அநேகர் நிச்சிபோ நூற்பாலையின் ஊழியர்கள். பகலில் வேலை, பின்னேரம் தொடங்கி நடுநிசி தாண்டியும் பயிற்சி. தலைவி மசாயே கசாய்க்கு அப்போது வயது 31. அதன் பிறகு அவரும் ஆட்டத்தை விட்டுக் கலியாணம் செய்துகொண்டார். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. பிள்ளை பெற்ற பெண்கள் ஆடுவதற்கென்றே அந்த நாட்டில் தாய்மார் கரப்பந்தாட்டம் வளர்ந்தது. 1970 முதல் அதற்குத் தேசியப் போட்டி நடக்கிறது. அதை வளர்க்க உழைத்தவர்களில் கசாயும் ஒருவர்.

நான் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்துச் சமூக நிலையத்தில் வாரத்தில் ஓர் இரவு பெண்கள் ஆடலாம். வயதைக் கேட்பவர் இல்லை. வெளியே பனி கொட்டும்போது உள்ளே மரத்தளத்தில், வெளிச்சமான மண்டபத்தில் ஆடுகிறோம். பந்து தூக்கிய இடத்தில் இறங்குகிறது. சேர்விஸ் போடக் கையை உயர்த்தும்போது என் முகம் மட்டும் இன்னும் காற்றைத் தேடித் திரும்புகிறது. பக்கத்தில் நிற்கும் பிலிப்பினோப் பெண்ணும் தீவொன்றில் பிறந்தவள். கடற்கரையில் ஆடினாயா என்று ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

ஊரில் அந்தக் காற்றுக்கு இப்போது நல்ல மதிப்பு. மாம்புரியில் அது காற்றாலைகளைச் சுற்றுகிறது. கற்பிட்டியில் கைட் சர்பிங் செய்ய அதே சோளக மாதங்களைப் பார்த்து வெளிநாட்டார் வருகிறார்கள். போன முறை போனபோது பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தேன், எங்களைவிட நன்றாக ஆடுகிறார்கள். ஊர் மைதானத்துக் கம்பத்தையும் போய்ப் பார்த்தேன். அதில் கொக்கி 2.43இல் மட்டும்தான்.

புத்தளம், கற்பிட்டி, உடப்பு, சிலாபம் பாடசாலைகளின் அதிபர்களிடமும் பழைய மாணவியர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இரண்டாம் தவணையில் ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏறுமுன், பழைய மாணவியருக்கென்று ஒரு கரப்பந்தாட்டப் போட்டி வையுங்கள். மூன்று சமூகத்துப் பாடசாலைகளையும் கூப்பிடுங்கள். அதன் பிறகு மாதத்தில் ஒரு பின்னேரமாவது மைதானத்தை ஊர்ப் பெண்களுக்குத் திறந்து விடுங்கள். கம்பத்தில் 2.24இல் இன்னொரு கொக்கி அடியுங்கள். வலைக்கும் பந்துக்கும் ஆகும் செலவை வெளிநாட்டில் இருக்கும் எங்களிடம் கேளுங்கள், தருகிறோம்.