தை வரையில் கிடைத்த நிலம்

ஓசூர் நெடுஞ்சாலை வழியே பெங்களூரை விட்டுத் தெற்கே வரும் அன்பர்கள், மின்னணு நகரத்தைக் கடந்த சிறிது தொலைவில், தொழிற்சாலைகள் நிறைந்த பொம்மசந்திராவைக் கண்டிருப்பார்கள். பிழைப்பை நாடித் தமிழ்நாட்டினின்றும் இங்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. வாடகை வீட்டில் வாழும் எங்களுக்குக் கொல்லைப்புறத்தில் எட்டடி அகலமும் பதினாறடி நீளமும் உள்ள வெற்றிடம் ஒன்று கிடைத்தது. அவ்விடத்தில் கோசு நட்ட செய்தியையே இங்குக் கூற விழைகின்றோம். சிறிய செய்திதான், ஆயினும் எங்கள் இல்லத்தில் அது சிறியதாக இருக்கவில்லை.

2023ஆம் ஆண்டு எங்கள் தந்தையார் மறைந்தபின், தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரில் தனித்திருந்த தாயாரை எங்களுடன் அழைத்துவந்தோம். ஐம்பது ஆண்டுகள் நிலத்தோடு வாழ்ந்தவர் அவர். இங்கே காலை எட்டு மணிக்குள் நாங்கள் ஆலைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றுவிடுவோம். மாலை வரையில் அவருக்குப் பேச்சுத் துணை இல்லை. அண்டை வீட்டார் பேசும் கன்னடமோ அவருக்கு விளங்காது. ‘என்னை ஊரிலே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்’ என்பதே நாள்தோறும் அவர் கூறும் சொல்லாயிற்று. ஊரில் அவரை யாரிடம் விடுவது?

கொல்லையில் ஏதேனும் பயிரிடுமாறு நாங்கள்தாம் சொன்னோம். அவ்வாண்டின் இறுதியில் ஓசூரிலிருந்து கோசு நாற்றுகள் வாங்கிவந்து கொடுத்தோம். நிலக்கடலையும் கேழ்வரகும் அறிந்த அவருக்குக் கோசு புதிது. எங்களுக்கோ எதுவுமே தெரியாது. முற்றிய நாற்றுகளை நெருக்கி நட்டோம். ஒரு திங்களுக்குள் இலைகள் யாவும் சல்லடைக் கண்களாயின. விரலால் தொட்டால் துள்ளி நூலில் தொங்கும் சிறு பச்சைப் புழுக்கள் இலையைத் தின்று, கண்ணாடிபோன்ற தோலை மட்டும் விட்டுவைத்தன. ஒரு கோசுகூடத் திரளவில்லை. ‘இந்த மண் நமக்கு ஒத்துவராது’ என்று தாயார் கூறியபோது, அவர் கோசை மட்டும் எண்ணிக் கூறவில்லை என்பது எங்களுக்கு விளங்கியது.

மண்ணின்மீது குற்றமில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் உள்ள இந்நாடு, ஐப்பசி முதல் தை வரையில் கோசுக்கு உகந்த குளிர்ச்சியைத் தருகின்றது. 1856இல் அரசுத் தாவரத் தோட்டமாக அமைந்த லால்பாக்கை, 1874 முதல் 1908 வரை ஜான் கேமரன் என்பவர் நடத்திவந்தார். பிற நாட்டுக் காய்களும் கனிகளும் பல இங்கே வேரூன்றிப் பரவியதில் அத்தோட்டத்திற்குப் பெரும் பங்குண்டு. சௌசௌக் காய்க்கு நம்மவர் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்று பெயரிட்டதே இதற்குச் சான்றாகும்.

கோசும் அவ்வாறு வந்து குடியேறியதே. அதன் முன்னோர் ஐரோப்பியக் கடற்கரைகளில் வளர்ந்த காட்டுச் செடி. முட்டைக்கோசு, பூக்கோசு, நூல்கோல் ஆகிய மூன்றும் அந்த ஒரே இனத்தின் பிள்ளைகள். இலை திரண்டது ஒன்று, பூ திரண்டது ஒன்று, தண்டு திரண்டது ஒன்று. இலங்கைத் தமிழர் முட்டைக்கோசைக் ‘கோவா’ என்பர். அச்சொல் போர்த்துகீசிய மொழியினின்றும் வந்தது. கன்னடத்தாரோ எலெகோசு, ஹூகோசு, நவிலுகோசு என்று மூன்றையும் ஒரே குடும்பமாக அழைக்கின்றனர். நவிலு என்றால் மயில். நூல்கோலுக்கு மயிலின் பெயரா என்று எங்கள் தாயார் வியந்து சிரித்தார். இவ்வூருக்கு வந்தபின் அவர் சிரித்து நாங்கள் கண்டது அன்றுதான்.

இப்பெயர்களை அவருக்குக் கற்பித்தவர் வீட்டு உரிமையாளரின் தாயார். முன்கட்டில் வாழும் அம்முதியவரை நாங்கள் ‘அஜ்ஜி’ என்று அழைப்போம். ஆனேக்கல் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். எங்கள் தாயார் அவரை ‘அக்கா’ என்று அழைத்தார். இரு மொழிக்கும் பொதுவான சொல் அது; தொடக்கத்தில் அவ்விருவருக்கும் பொதுவாக இருந்த சொல்லும் அது ஒன்றே.

2024ஆம் ஆண்டு ஆவணியில் உரிமையாளர் எங்களிடம் ஒரு செய்தி கூறினார். மெட்ரோ இரயில் பொம்மசந்திரா வரையில் வரப்போகின்றது. வாடகை வீடுகளுக்குத் தேவை மிகும். ஆதலின் தை பிறந்ததும் கொல்லைப்புறத்தில் அறைகள் கட்டுவதற்கு அடித்தளம் தோண்டப்படும் என்றார். நிலம் அவருடையது, முன்கூட்டியே கூறியதும் அவருடைய நேர்மை. எனினும் மறுமுறை நட்டுப் பார்க்கலாம் என்று மெல்ல மனம் இணங்கியிருந்த தாயாரிடம் இதை எப்படிச் சொல்வது? இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் சொன்னோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு விரல்விட்டு எண்ணினார். ‘ஐப்பசிக்கு முன்னே நட்டால் தைக்குள் எடுத்துவிடலாமா? அக்காவைக் கேளுங்கள்’ என்றார். கேட்டோம். அஜ்ஜியும் விரல்விட்டு எண்ணினார். எடுத்துவிடலாம் என்றார்.

அக்கணக்கை அன்பர்களுக்கும் கூறுகின்றோம். ‘கோல்டன் ஏக்கர்’ என்னும் குறுகிய காலக் கோசு, நட்ட அறுபது எழுபது நாள்களில் அறுவைக்கு வரும். நாற்று இருபத்தைந்து அல்லது முப்பது நாள் வயதினதாய், நான்கைந்து இலைகளுடன் இருத்தல் வேண்டும். அதற்குமேல் முற்றிய நாற்றை நட்டால், பூக்கோசு பொத்தான் அளவில் பூத்து நின்றுவிடும். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். முதல் ஆண்டில் நாங்கள் இவை அனைத்திலும் தவறியிருந்தோம்.

புழுவுக்கு என்ன செய்வது என்று வினவியபோது அஜ்ஜி, ‘சாசிவே’ என்றார். தாயாருக்கு விளங்கவில்லை. அஜ்ஜி தம் சமையலறைக்குச் சென்று, உள்ளங்கையில் எதையோ ஏந்தி வந்து காட்டினார். கடுகு! தாயார் அதனை வாங்கித் தம் உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாளிப்பதற்கன்றி வேறெதற்கும் அவர் அதனை எண்ணியதில்லை.

கடுகும் கோசின் உறவே. வைரமுதுகு அந்துப்பூச்சி என்னும் கோசின் பெரும்பகை, கடுகிலையின் மணத்தை மிக விரும்பி அதில் முட்டையிடும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் இதனை ஆராய்ந்து 1991இல் வெளியிட்டுள்ளனர். இருபத்தைந்து வரிசைக் கோசுக்கு இருபுறமும் கடுகு விதைக்க வேண்டும். கோசு நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பு ஒரு வரிசை, நட்ட இருபத்தைந்து நாளுக்குப் பின்பு மற்றொரு வரிசை என்பது அவர்கள் வகுத்த முறை. அஜ்ஜி இவ்வாராய்ச்சியைப் படித்தவரல்லர். தம் பிறந்த ஊரில் கோசு பயிரிட்டோர் செய்ததைக் கண்டவர்.

புரட்டாசி இரண்டாம் வாரத்தில் பாத்தியின் இரு ஓரங்களிலும் கடுகு விதைத்தோம். அக்டோபர் 12, விசயதசமியன்று மாலை, வெயில் தணிந்தபின் நாற்பது நாற்றுகளை நட்டோம். அடியிலைகள் வரையில் மண் அணைத்து, வேர் பிடிக்குமாறு விரலால் அழுத்தி, குவளையால் நீர் வார்த்தோம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில்தான் பெங்களூரில் கடுந்தண்ணீர்ப் பஞ்சம். குடிநீரைத் தோட்டத்திற்கு ஊற்றினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டிருந்தது. அந்நினைவால் அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் குடத்தில் சேர்த்து வைத்திருந்தோம்.

அக்குடத்திற்கு வேலையில்லாமற் போயிற்று. நட்ட மூன்றாம் நாள் தொடங்கியது மழை. அவ்வாண்டு அக்டோபர் நடுவில் பெங்களூரைச் சூழ்ந்த பெருமழையை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச்சில் நீரின்றி வாடிய நகரம் அக்டோபரில் நீரில் மூழ்கியது. இரவு பத்து மணிக்குக் கொல்லையில் அரவம் கேட்டு எழுந்து பார்த்தோம். தாயார் சாக்கைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியால் நீர் வடிய வாய்க்கால் கீறிக்கொண்டிருந்தார். மறுமுனையில் குடை பிடித்தவாறு அஜ்ஜி கைவிளக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஓடிச்சென்று மண்வெட்டியை வாங்கினோம். ‘உயரப் பார் கட்டி நட்டது நல்லதாய்ப் போயிற்று’ என்றார் தாயார். மழைக்கு நான்கு நாற்றுகள் அழுகின. மழை ஓய்ந்தபின், இரவில் தண்டை அறுக்கும் வெட்டுப்புழு மூன்றை வீழ்த்தியது. காலையில் அறுபட்ட செடியின் அடிமண்ணைக் கிளறினால், அப்புழு சுருண்டு கிடப்பதைக் காணலாம்.

தீபாவளிக்கு அடுத்த வாரத்தில் இரண்டாம் முறை கடுகு விதைத்தோம். முதற் கடுகின் இலைகள் புழுவேறித் துளைபட்டு நின்றன. கோசோ பெரும்பாலும் தூய்மையாக இருந்தது. பிறர் பொருட்டுத் தன்னை உண்ணக் கொடுத்து நின்ற அச்செடியைப் பிடுங்கிவிட எங்கள் பிள்ளைகள் முனைந்தபோது தாயார் தடுத்தார். வேப்பங்கொட்டைப் பருப்பு ஐம்பது கிராம் இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து, சிறிது சோப்புக் கரைசல் கலந்து, மாலைதோறும் கடுகின்மீதே முதலில் தெளித்தோம். புழு அங்கேயே மடிந்தால் கோசுக்குத் தாவாது. பூக்கோசில் முட்டையளவு வெண்மை தோன்றியதும், வெயில் படாதவாறு அதன் இலைகளையே மேலே கூட்டிக் கட்டினோம்.

மார்கழி பிறந்த அன்று முதற் கோசை அறுத்தோம். ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. தாயார் அதனைக் கழுவித் தட்டில் வைத்து, தாமே முன்கட்டுக்கு எடுத்துச் சென்றார். மாலையில் அத்தட்டு வெறுமையாகத் திரும்பவில்லை. தேங்காய் தூவிய கோசுப் பல்யாவுடன் வந்தது. ஏற்ற பாத்திரத்தை வெறிதே திருப்பலாகாது என்னும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என அன்று அறிந்தோம். மார்கழி முடிவதற்குள் முப்பத்து மூன்று செடிகளின் விளைவும் எங்கள் வீட்டிலும் அண்டை ஐந்து வீடுகளிலும் கறியாயின.

பொங்கல் கழிந்த மறுவாரம் கட்டட வேலையாட்கள் வந்தனர். உரிமையாளர் சொன்ன சொல் தவறவில்லை, நாங்களும் தவறவில்லை. கடப்பாரை விழுமுன் தாயார் கொல்லைக்குச் சென்றார். கோசு அறுத்தபின் விட்டுவைத்திருந்த அடிக்கட்டைகளில் பக்கக் குருத்துகள் அரும்பியிருந்தன. அவற்றுள் நான்கை மண்ணோடு பெயர்த்து, வெற்று வண்ணத் தகரங்களில் வைத்து மொட்டைமாடிக்கு ஏற்றினார். மாசியில் அவற்றினின்றும் எலுமிச்சங்காய் அளவுள்ள சிறு கோசுகள் சில கிடைத்தன. ஒரு வேளைக் குழம்புக்கும் போதா. எனினும் அவ்வளவு சுவையான குழம்பை நாங்கள் உண்டதில்லை.

2025 ஆகஸ்டில் மெட்ரோ இரயில் பொம்மசந்திராவுக்கு வந்தது. கோசு விளைந்த இடத்தில் இப்பொழுது இரண்டு குடும்பங்கள் வாழ்கின்றன. ஒன்று விழுப்புரத்தினின்றும், மற்றொன்று ராய்ச்சூரினின்றும் வந்தது. அவ்வாண்டுப் புரட்டாசியில் மாடியில் பன்னிரண்டு தகரங்களில் கடுகும் கோசும் வளர்ந்தன. விழுப்புரத்து இளம்பெண்ணுக்குப் புழுவின் செய்தியைக் கூறிய தாயார், கடுகு என்று சொல்லாமல் ‘சாசிவே’ என்று சொல்லிவிட்டுப் பின்னர் நாணினார்.

ஊரில் கொண்டுபோய் விடுங்கள் என்னும் சொல்லை நாங்கள் கேட்டுப் பல திங்கள் ஆயின. ஊரை அவர் மறந்தாரல்லர். ஆடிதோறும் சென்று வருகின்றார். புறப்படும்போது, திரும்பி வந்து நாற்றுவிடும் நாளையும் குறித்துக்கொண்டே புறப்படுகின்றார்.

வாடகை வீட்டில் வாழும் நம் அன்பர் பலர், ‘நமக்கெதற்குத் தோட்டம்? நாளையே வீடு மாற நேரலாம்’ என்று எண்ணுவர். நாங்களும் அவ்வாறே எண்ணியவர்கள். எத்தனை நாள் தவணை என்று கேட்டறிந்து, அதற்குள் முடியும் பயிரை நடுவோம். எப்படி நடுவது என்பதை அந்த மண்ணிலே பிறந்தவரைக் கேட்போம். அவர் மொழி விளங்காவிடினும், உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்.