முகமில்லாச் சித்திரம்

ஹிட்லர் ஆட்சியில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கொடுமையை, ஆன் பிராங்க் என்னும் சிறுமியின் நாட்குறிப்பைக் கொண்டு தம்போய் வாலிபர் சிலருக்கு நாம் சொல்லி வந்தோம். கேட்டுக் கண்கலங்கிய அவர்களுக்கு, அதே யுத்தத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாமுக்கு ரயிலேற்றப்பட்ட சேதி தெரியவில்லை. இது யார் குற்றம்? சொல்லாத நம் குற்றமேயாகும்.

1942-43இல் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் இருப்புப் பாதையில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் பட்ட பாட்டை, ரொனால்ட் சேர்ல் முதலிய கைதிகளே ஒளித்து ஒளித்து வரைந்த சித்திரங்கள் இன்றும் காட்டுகின்றன. பட்டினியாலும் வாந்திபேதியாலும் அவர்களைவிடப் பல மடங்கு மாண்ட ஆசியத் தொழிலாளருக்கோ பென்சிலுமில்லை. பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறையுமில்லை. பிற்காலத்தில் வந்த ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவல்கள் அக்குறையை ஓரளவு தீர்த்தன.

ஆகவே அந்நாவல்களைப் படிக்கச் செய்து, மனதில் பட்டதை வரையச் சொன்னோம். ஒரு பெண் ரயில்வண்டி நிறைய ஆட்களை வரைந்தாள், ஒருவருக்கும் முகமில்லை. காரணம் கேட்டோம்.

“ஆளைத் தெரிந்தாலல்லவா முகம் வரையலாம், ஐயா? உங்கள் வீட்டிலிருந்து யாராவது போனார்களா?” என்றாள்.

நம் பாட்டனாரின் தம்பி போனார்; திரும்பவில்லை. அவர் பெயரையாவது நாம் ஒருநாளும் கேட்டு வைத்தோமில்லை. பிறருக்குப் போதிக்கப் புறப்பட்ட நாம், அச்சிறுமி முன் தலைகுனிந்து நின்றோம்.

தோழர்களே! வீட்டில் முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.